யாழ்ப்பாணத்தில் பிறமொழி படிப்பிப்பவருக்கு எந்த வழி? பாடசாலை, நிறுவனம், சொந்த வகுப்பு, இணையம்

"டொச் பி1 முடித்துவிட்டேன், படிப்பிக்கத் தொடங்கலாமா?" "ஆங்கிலத்தில் பட்டம் இருக்கிறது, அரச நியமனம் வரும்வரை பொறுத்திருக்கவா?" "பிரெஞ்சு படிப்பிக்கிறேன், ரியூட்டரிக்காரர் கட்டணத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறார், விட்டுவிட்டு வரவா?"

என்னிடம் வருகிற கேள்விகளைக் கொட்டிப் பிரித்தால் இந்த மூன்று குவியல்தான் மிஞ்சும். (டொச் என்றால் ஜேர்மன் மொழி. ஏ1, ஏ2, பி1, பி2, சி1 என்பவை தொடக்கத்திலிருந்து மேலே போகும் ஐரோப்பிய மொழித்தேர்ச்சிப் படிகள்.) கேட்பவர்கள் எல்லாருமே மாதம் எவ்வளவு கிடைக்கும் என்பதில் தொடங்குகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அங்கேதான் தொடங்கினேன். ரியூட்டரி என்ற தனியார் கல்வி நிலையத்தில் ஆங்கிலம், பிறகு எங்கள் வீட்டு விறாந்தையில் ஜேர்மன், இப்போது பாதி நேரம் கணினிக்கு முன்னால் என்று மூன்று வழிகளில் நானே நடந்திருக்கிறேன். நான்காவது வழியான அரச பாடசாலையை என் அக்கா விடைத்தாள் கட்டுகளாக வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்.

## எதை வைத்து அளப்பது

கட்டணத்தைப் பார்க்குமுன் நான் பார்ப்பது, ஒரு மாணவர் உங்களிடம் எவ்வளவு காலம் இருப்பார் என்பதை. மூன்று மாதத்தில் போய்விடுகிறவர் என்றால், ஆண்டுக்கு நான்கு தடவை வகுப்பை ஆளில்லாத நிலையிலிருந்து நிரப்ப வேண்டும். அந்த அலைச்சலுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

அடுத்தது, அந்த மாணவரை உங்களிடம் அனுப்புகிற கை யாருடையது. பெற்றோரா, பரீட்சைத் திணைக்களமா, பேர்லினில் இருக்கும் ஓர் அமைச்சா? சட்டம் அனுப்பிய மாணவரைச் சட்டமே ஒரு காலையில் திருப்பியும் அழைத்துக்கொள்ளும்.

மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. படிப்பிக்கிற வேலை உங்கள் மொழியை வளர்க்கிறதா, துருப்பிடிக்க வைக்கிறதா? ஐந்து வருடம் ஏ1 மட்டும் படிப்பித்தால் உங்கள் வாயிலும் ஏ1 வாக்கியங்கள்தான் வரும். எனக்கு வந்தது. ஒரு நாள் ஜேர்மன் வானொலிச் செய்தியைக் கேட்டபோது பாதி புரியவில்லை. அன்று பட்ட வெட்கம் இன்னும் இருக்கிறது.

மிச்சம் சாதாரணமானவை: பணம் எப்போது கைக்கு வரும், காய்ச்சல் வந்து இரண்டு வாரம் படுத்தால் என்ன ஆகும்.

| | மாணவர் இருக்கும் காலம் | தேவையை ஆட்டுவிப்பது | உங்கள் மொழிக்கு என்ன ஆகும் | காய்ச்சல் வந்தால் |
|---|---|---|---|---|
| அரச பாடசாலை | பல ஆண்டுகள் | பாடத்திட்டம் | மெல்லத் துருப்பிடிக்கும் | சம்பளம் வரும் |
| நிறுவனம் | ஒரு பாடநெறி, சிலவேளை இரண்டு | நிறுவனத்தின் பெயர் | சக ஆசிரியர்களைப் பொறுத்தது | ஒப்பந்தத்தைப் பாருங்கள் |
| சொந்த வகுப்பு | 3 முதல் 5 மாதம் (ஏ1) | விசாச் சட்டம் | ஏ1 இல் நின்றால் கெடும் | வருமானம் நிற்கும் |
| இணையம் | ஒரு வாரமும் ஆகலாம், ஐந்து வருடமும் ஆகலாம் | மாணவரின் சொந்தத் தேவை | பெரும்பாலும் வளரும் | மாணவர் வேறிடம் பார்ப்பார் |

## அரச பாடசாலை

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். உயர்தரத்தில் பிரெஞ்சும் ஜேர்மனும் ஜப்பானிய மொழியும் பாடங்களாக இருப்பது உண்மை. ஆனால் நம் பக்கத்தில் மொழி ஆசிரியர் நியமனம் என்றால் நடைமுறையில் அது ஆங்கிலம், அல்லது இரண்டாம் மொழிச் சிங்களம். டொச்சை வைத்துக்கொண்டு வர்த்தமானியைப் புரட்டிக்கொண்டிருப்பது வீண் வேலை.

ஆங்கிலக்காரருக்கு இரண்டு வாசல்கள். ஒன்று பட்டத்தோடு போட்டிப் பரீட்சை. மற்றது தேசிய கல்வியியற் கல்லூரி: மூன்று வருடப் பயிற்சி, அதில் இரண்டு வருடம் கல்லூரியில் தங்கிப் படிப்பு, கடைசி வருடம் பாடசாலையில் உள்ளகப் பயிற்சி. யாழ்ப்பாணத்துக் கல்லூரி கோப்பாயில் இருக்கிறது. எந்தக் கல்லூரியில் எந்த ஆண்டு ஆங்கில நெறிக்கு இடம் என்பதை வர்த்தமானி அறிவித்தல்தான் சொல்லும், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு முதல் நியமனத்தில் தெரியும். அது பெரும்பாலும் வன்னிப் பக்கம்தான் விழும். அக்காவுக்கு முல்லைத்தீவு மாவட்டத்தில் கிடைத்தது. அறை வாடகை, வார இறுதி பஸ், இரண்டு இடத்துச் சமையல் எல்லாம் கழித்துப் பார்த்தால் முதல் இரண்டு வருடம் கையில் மிஞ்சியது ரியூட்டரியில் நான் வாங்கியதைவிடக் குறைவு. இடமாற்றம் கிடைத்த பிறகே நிலைமை புரண்டது.

இன்னொன்று மனச்செலவு. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் ஒரு பாடம், ஆனால் அதன் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் சேர்வதில்லை. இது மாணவருக்கு நன்றாகத் தெரியும். பரீட்சை நெருங்க நெருங்க உங்கள் பாடவேளையில் பௌதிகவியல் கணக்குச் செய்வார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து சாதாரணதரம் வரை ஒரே பிள்ளையோடு ஆறு வருடம் நடக்கக் கிடைப்பதுதான் இதற்கு ஈடு. வேறு எந்த வழியிலும் அந்தச் சுகம் இல்லை.

ஓய்வூதியம், முழுச் சம்பளத்துடன் 84 வேலைநாள் பிரசவ விடுமுறை, நோய்க்கு விடுப்பு ஆகியவற்றுக்கு ஒரு பெறுமதி உண்டு. வீட்டில் வயதானவர்களைப் பார்க்க வேண்டியவர்கள், குழந்தை பெறத் திட்டமிடும் பெண்கள், கடனில் வீடு கட்டுகிறவர்கள் இதைத் தெரிவுசெய்தால் நான் மறுத்துப் பேசமாட்டேன். நியமனம் வரும்வரை பொறுத்திருக்கவா என்று கேட்டவருக்கு மட்டும் ஒரு சொல்: விண்ணப்பியுங்கள், ஆனால் சும்மா இருந்து பொறுக்காதீர்கள்.

## நிறுவனம்

நிறுவனம் என்று இரண்டு வேறு உயிரினங்களை ஒரே பெயரில் அழைக்கிறோம். பிரிட்டிஷ் கவுன்சில் போன்ற பன்னாட்டு அமைப்பு ஒன்று. பலாலி வீதியிலும் கஸ்தூரியார் வீதியிலும் பலகை மாட்டியிருக்கும் தனியார் மொழி நிலையம் மற்றொன்று.

முதலாவது வகையில் நுழைய ஆங்கிலத்துக்குக் கேம்பிரிட்ஜின் செல்டா சான்றிதழையோ அதற்கு ஈடானதையோ கேட்பார்கள். செல்டாவில் குறைந்தது 120 மணிநேர வகுப்பு, ஆறு மணிநேரம் உண்மையான மாணவருக்கு முன்னால் நின்று மதிப்பீட்டோடு படிப்பிக்க வேண்டும். முழுநேரமாகச் செய்தால் நாலைந்து வாரம். இணையவழியிலும் செய்யலாம். அதற்கான கட்டணம் இங்கே ஒரு சாதாரண ஆசிரியரின் பல மாதச் சம்பளம். உள்ளே போகும் எண்ணம் உறுதியானால் மட்டும் அந்தப் பணத்தைக் கட்டுங்கள். ரியூட்டரி வாசலில் மாட்டுவதற்கு அது தேவையில்லை.

இரண்டாவது வகையில் சேருமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறீர்களா? கட்டுவதென்றால் உங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, முதலாளி தன் பங்காக 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் போட வேண்டும். "நீங்கள் வருகைதரு ஆசிரியர், மணிக்கணக்குத்தான்" என்று பதில் வந்தால் அந்த 15 வீதத்தை உங்கள் மணிக்கூலியோடு மனத்தில் கூட்டிப் பேரம் பேசுங்கள். பேசியே ஆக வேண்டும், கூச்சப்பட்டால் நட்டம் உங்களுக்கு.

நான் முன்பு வேலைசெய்த ஓரிடத்தில் நூற்றுக்கு நாற்பது எனக்கு என்று பேச்சு. மாத முடிவில் பார்த்தால், கட்டணம் கட்டாமல் நின்ற பிள்ளைகளின் பாக்கியும் என் நாற்பதிலிருந்தே கழிந்திருந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இல்லை. யாரோடு சண்டை பிடிப்பது?

ஆனாலும் பிரெஞ்சு ஆசிரியருக்கு நான் உடனே விட்டுவிட்டு வரச் சொல்லமாட்டேன். ரியூட்டரிக்காரர் எடுத்துக்கொள்ளும் பங்கில் மேசை கதிரை, மின்சாரம், வெள்ளைப் பலகை மட்டும் இல்லை, மாணவரைத் தேடிப் பிடிக்கும் வேலையும் இருக்கிறது. உங்கள் பெயரைக் கேட்டு வருகிறவர்கள் எத்தனை பேர், நிலையத்தின் பெயரைக் கேட்டு வருகிறவர்கள் எத்தனை பேர் என்று ஒரு தவணை எண்ணிப் பாருங்கள். முதல் தொகை பாதியைத் தாண்டினால் வெளியே வரலாம்.

## சொந்த வகுப்பு

யாழ்ப்பாணத்தில் பிறமொழி வகுப்பின் அச்சாணி கல்யாணம். ஜேர்மனியில் இருக்கும் கணவனிடம் போகும் மனைவி தொடக்கநிலை ஜேர்மன் தெரியும் என்று காட்ட வேண்டும் என்ற விதி 2007 இல் வந்தது. பிரித்தானியா 2010 இன் முடிவில் அதே வழியில் போய், துணைவர் விசாவுக்குப் பேச்சிலும் கேட்டலிலும் ஏ1 ஆங்கிலம் கேட்டது. ஊரில் டொச் வகுப்புகள் முளைத்தது இதனால்தான், ஜேர்மன் கவிஞர் கோதேயின் மீது எழுந்த காதலால் இல்லை.

ஏ1 வகுப்பின் கணக்கு கவர்ச்சியானது. பரீட்சை சின்னது: கேட்டல் 20 நிமிடம், வாசிப்பு 25, எழுத்து 20, பேச்சு குழுவாக ஒரு கால் மணிநேரம். 100 க்கு 60 எடுத்தால் சித்தி. மூன்று நான்கு மாதம் ஒழுங்காகப் படித்தால் பள்ளிக்கூடத்தை விட்டுப் பத்து வருடமான பெண்ணும் சித்தியடைவாள். கட்டணம் தருவது அநேகமாக வெளிநாட்டில் இருக்கும் மாப்பிள்ளை, ஆகவே பேரம் குறைவு.

செலவுகள் வேறு இடத்தில் ஒளிந்திருக்கின்றன.

சித்தியடைந்த அன்றே மாணவர் போய்விடுகிறார். உங்கள் வெற்றிதான் உங்கள் வகுப்பைக் காலிசெய்கிறது. சித்தியடையாதவரோ திரும்பி வந்து இலவசமாகப் படிப்பிக்கச் சொல்கிறார், கூடவே மாமியாரும் வருகிறார். ஜேர்மன் பரீட்சையை நடத்தும் கோதே நிறுவனம் கொழும்பில் இருப்பதால், ஏறத்தாழ 400 கிலோமீற்றர் இரவு பஸ்ஸில் போய், விடியப் பரீட்சை எழுதி, நித்திரைக் கலக்கத்தில் கேட்டல் பகுதியைக் கோட்டைவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் நாளே போய் ஓர் உறவினர் வீட்டில் தங்கச் சொல்வது இப்போது என் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி.

பிறகு காலம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வகுப்பு பாதியாகும். அதே ஆடி, ஆவணியில்தான் வெளிநாட்டு உறவுகளும் வந்து இறங்குவார்கள். ஆகஸ்டில் புது அணி தொடங்கியவர் செப்டெம்பரில் மறுபடி "இஷ் ஹைஸெ" (என் பெயர்) என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இவற்றைவிடப் பெரியது சட்டத்தின் ஆட்டம். கணவன் உயர்தகுதி வேலையாட்களுக்கான ஐரோப்பிய நீல அட்டையில் ஜேர்மனியில் வேலை செய்கிறார் என்றால் மனைவிக்கு மொழிச் சான்றே தேவையில்லை. கணினிப் பொறியியலாளர் மாப்பிள்ளைகள் கூடக் கூட ஏ1 வகுப்புக்கு வரும் மணமகள்கள் குறைவார்கள். மறுபக்கம் புது வாசல்களும் திறக்கின்றன. 2024 யூன் முதல் வேலைதேடிப் போவதற்கு ஜேர்மனி புள்ளிமுறை விசா ஒன்றைத் தருகிறது, மொழியளவில் அதற்கு ஏ1 ஜேர்மனோ பி2 ஆங்கிலமோ போதும். தாதியர்களோ அங்கே பதிவு பெறப் பொதுவாக பி2 வரை ஏற வேண்டும்.

அந்தத் தாதி மாணவர்தான் என் கணக்கை மாற்றியவர். ஏ1 க்கு 80 முதல் 200 பாடவேளை, பி2 வரை 600 முதல் 800 பாடவேளை என்பது கோதே நிறுவனம் சொல்லும் மதிப்பீடு. அதாவது பி2 வரை வரும் ஒருவர் ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு வருடம் உங்களோடு இருப்பார். ஏ1 மாணவர் ஐந்து பேரைத் தேடும் உழைப்பை அவர் மிச்சப்படுத்துகிறார், உங்கள் மொழியையும் மேலே இழுக்கிறார். ஒரே நிபந்தனை: நீங்கள் சி1 இல் நிற்க வேண்டும். படிப்பிக்கும் நிலைக்குக் குறைந்தது ஒரு படி மேலே ஆசிரியர் இருக்க வேண்டும் என்பது என் விதி. டொச் பி1 முடித்தவருக்கு ஆகவே இதுதான் பதில்: ஏ1 வகுப்பு இன்றே தொடங்கலாம், அதில் வரும் காசை உங்கள் சொந்த பி2 இல் போடுங்கள், சங்கிலியில் போடாதீர்கள்.

பாடப்பொருளுக்குச் செலவழிக்க வேண்டியது குறைவு. கோதே நிறுவனம் மாதிரி வினாத்தாள்களை ஒலிக்கோப்போடு இலவசமாகவே தருகிறது. ஜேர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டொய்ச்சே வெல்லேயின் இணையப் பாடத்தொடர் ஏ1 முதல் பி1 வரை போகிறது. பிரெஞ்சுக்கு டிவி5மொண்ட் தொலைக்காட்சியின் பயிற்சிகளும் ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தியும் போதும். வாங்க வேண்டியது நல்ல ஒலிபெருக்கி ஒன்று. கைபேசியின் கீச்சுக்குரலில் கேட்டல் பயிற்சி செய்த பிள்ளை பரீட்சை மண்டபத்தில் தடுமாறும்.

## இணையம்

இணையத்தில் இருவகை. சந்தைத் தளத்தில் கடை போடுவது ஒன்று, தெரிந்தவர் மூலம் நேரடியாக மாணவரைப் பிடிப்பது மற்றொன்று.

சந்தைத் தளங்களில் ஒன்றான ப்ரெப்ளி ஒவ்வொரு புது மாணவரின் முதல் பாடக் கட்டணத்தை முழுவதுமாக எடுத்துக்கொள்ளும். அதன்பின் 33 வீதத்தில் தொடங்கி, நீங்கள் படிப்பித்த மணிநேரம் ஏற ஏற 18 வீதம்வரை இறங்கும். இன்னொரு தளமான இடோக்கி 15 வீதம் எடுக்கிறது. ரியூட்டரிக்காரரைத் திட்டுகிறவர்கள் இதையும் ஒருதரம் பார்க்கட்டும். இந்தச் சந்தையில் ஆங்கிலம் விற்கப் போனால் உலகம் முழுவதோடும் விலைப்போட்டி. புதியவர் நிற்பது கடினம்.

நமக்குள்ள பலம் வேறு. பாரிஸ் உணவகச் சமையலறையில் பதினைந்து வருடம் நின்ற நம்மவர் ஒருவருக்கு, 2026 சனவரி முதல் பல்லாண்டு வதிவிட அட்டைக்கு ஏ2, பத்தாண்டு அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 என்று பிரான்ஸ் படிகளை உயர்த்தியிருக்கிறது. முன்பு பத்தாண்டு அட்டைக்கு ஏ2, குடியுரிமைக்கு பி1 போதுமாக இருந்தது. அவருக்குப் பிரெஞ்சுக்காரரிடம் பிரெஞ்சிலேயே படிக்கப் பொறுமையும் இல்லை, துணிவும் இல்லை. வினைச்சொல் ஏன் இப்படித் திரிகிறது என்று தமிழில் விளக்கும் ஆசிரியர் வேண்டும். அந்த இடம் கந்தர்மடத்தில் இருக்கும் பிரெஞ்சு ஆசிரியருடையது. ஆனால் மதியச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவிலுள்ள ஓய்வில்தான் அவர் படிப்பார். அங்கே பிற்பகல் 3.30 என்றால் இங்கே குளிர்காலத்தில் இரவு 8, கோடையில் 7. ஐரோப்பியர் மணிக்கூட்டை மாற்றும் மார்ச், ஒக்டோபர் கடைசி ஞாயிறுகளை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள், அந்த வாரம் குழப்பம் நிச்சயம்.

இன்னொரு மாணவர் கூட்டத்தை நம்மவர் பிறமொழி மாணவர் என்றே நினைப்பதில்லை: புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள். அவர்களுக்குப் பிறமொழி தமிழ். நன்னூல் சூத்திரத்தோடு போனால் இரண்டாம் வாரம் கமராவை அணைத்துவிடுவார்கள். ஜேர்மன் ஏ1 படிப்பிக்கும் அதே முறையில், "என் பெயர், என் வீடு, எனக்குப் பசிக்கிறது" என்று தமிழைப் படிப்பித்தால் நிற்பார்கள். பிறமொழி ஆசிரியராக நீங்கள் கற்ற தொழில்நுட்பம் இங்கே நேராக உதவுகிறது. நன்றாக அமைந்தால் அந்தப் பிள்ளை ஐந்து வருடம் உங்களோடு இருக்கும், தம்பியும் பின்னால் வருவான்.

எந்த நாட்டுப் பிள்ளை என்பதை மணிக்கூட்டைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். ரொறன்ரோவில் மாலை 5 என்றால் இங்கே விடியப்புறம் 2.30 அல்லது 3.30. வார நாளில் நடக்காது. அங்கே சனி காலை 9 ஆனால் இங்கே மாலை 6.30 அல்லது 7.30, அது சரிவரும். லண்டன் பிள்ளையின் மாலை 5 மணி இங்கே இரவு 9.30, 10.30. சிட்னி, மெல்பேர்ண் பிள்ளைகளின் மாலை 5 மணியோ இங்கே முற்பகல் 11.30 அல்லது பிற்பகல் 12.30, நம் வகுப்புகள் காலியாக இருக்கும் நேரம். அரச ஆசிரியருக்கு அவுஸ்திரேலியா பொருந்தாது, கனடாவின் சனிக்கிழமை பொருந்தும்.

பணம் வரும் பாதையை முதல் மாணவருக்கு முன்பே சரிசெய்யுங்கள். பேபாலில் இலங்கையிலிருந்து பணம் அனுப்பத்தான் நீண்டகாலமாக முடிந்தது, பெற வழியில்லை என்பதால் பலர் பேயோனியர் என்ற இணையப் பணச் சேவையையோ நேரடி வங்கி அனுப்பலையோ நம்பியிருக்கிறார்கள். "அண்ணா வரும்போது கொடுத்துவிடுகிறேன்" என்ற முறை வேண்டாம், அண்ணா இரண்டு வருடத்துக்கு ஒருதரம்தான் வருவார். வரியிலும் வங்கி வழிக்கு ஒரு பயன் உண்டு: 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் விலக்கு, வெளிநாட்டுக்கு வழங்கிய சேவைக்கு வங்கியூடாக வெளிநாட்டு நாணயத்தில் வரும் வருமானத்துக்கு அதற்குமேல் அதிகபட்சம் 15 வீதம்.

## எதை எதோடு சேர்க்கலாம்

ஒரே வழியில் நிற்பவர் நம்மில் குறைவு. ஆனால் எல்லாச் சேர்க்கையும் ஒத்துவராது. பாடசாலையும் மாலை ரியூட்டரியும் சேர்ந்தால் குரல்வளை முதலில் போகும். தவிர, உங்கள் வகுப்புப் பிள்ளையே கட்டணம் கட்டி மாலையிலும் வந்து உட்கார்ந்தால் பகலில் ஒழுங்காகப் படிப்பிக்கவில்லை என்ற பேச்சு எழும், அது பாதி உண்மையாகவும் இருக்கும்.

என் வாரம் இப்போது இப்படி இருக்கிறது. திங்கள் முதல் வியாழன் வரை மாலையில் விறாந்தையில் எட்டுப் பேருக்கு பி1, அதில் ஆறு பேர் தாதியர். நண்பகலில் மெல்பேர்ண் பிள்ளைகள் நான்கு பேருக்குத் தமிழ். ஆண்டுக்கு இரண்டு அணி மட்டும் ஏ1, தை மாதமும் புரட்டாதியும். வெள்ளி மாலை யாருக்கும் வகுப்பில்லை, அன்று நான் படிக்கிறேன். நல்லூர்க் கொடியேறினால் விறாந்தைக்கும் விடுமுறை, மெல்பேர்ண் பிள்ளைகளுக்கு மட்டும் வகுப்பு நடக்கும். தேர் அன்று கைபேசியை வீதியில் பிடித்துக்கொண்டு "இது தேர், இது வடம்" என்று சொல்லிக்கொடுத்ததற்கு ஒரு தாய் அந்த மாதம் இரட்டைக் கட்டணம் அனுப்பியிருந்தார். மிச்சத்தை அடுத்த மாதக் கணக்கில் வைத்தேன்.